கரிநாக்கும் பதின்மூன்று அங்குலச் சில்லும்

எனக்குக் கரிநாக்கு என்று யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறைப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. நான் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் அது அப்படியே பலித்துவிடுமாம். கலியாண வீடுகளில் புதிதாக வந்த மருமக்களுக்கு என்னைத் தூரத்திலிருந்து காட்டி இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அப்படி என்னதான் சொன்னேன் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? நான் சொன்னது ஒரு கணக்கு. எழுபத்தொன்றுக்கும் எண்பத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசம். முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். கணக்குச் சரியாக வந்தால் அதற்குப் பெயர் விடை. எங்கள் ஊரில் மட்டும் அதை நாவூறு என்றார்கள்.

கார் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. மலைநாட்டில் அரசாங்க வைத்தியராக இருந்த என் அப்பா, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கியது. இரண்டு பேர்தான் இருக்கலாம். மேலே துணிக்கூரை. நிலத்தோடு நிலமாக அவ்வளவு பதிவு. ஏறுவதை விட இறங்குவதுதான் பாடு. வேகமாக ஓடுவதற்கென்றே செய்த கார். கரவெட்டியில் எங்கள் வீட்டு ஒழுங்கைகளில், இரண்டு பக்கமும் வேலி உரஞ்ச உரஞ்ச, நான் அதில்தான் கார் ஓடப் பழகினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் முடிந்தபோது, வீடு, வயல், நகை எல்லாம் எழுதிய சீதனப் பத்திரத்தில் கடைசி வரியாக அந்தக் காரும் இருந்தது. என் பெயரில்.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, யாழ்ப்பாணப் பட்டணத்து ரவுணில் வங்கி வேலை. எனக்கும் ரவுணில்தான் பள்ளிக்கூடம். ஆகையால் கரவெட்டி வீட்டைப் பூட்டிவிட்டு, கொழும்புத்துறையில் இவருடைய தாயோடு, என் மாமியோடு, இருந்தோம். இவர் நல்ல மனிதர். அவ்வளவு நல்ல மனிதராக ஒருவர் இருக்கக்கூடாது என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. தமையன் "இரு" என்றால் இருப்பார், "எழும்பு" என்றால் எழும்புவார். அந்தத் தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு ரவுணில் பெரிய சைக்கிள் கடை. அதோடு ஒரு மோட்டார் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: கார் வைத்திருந்த பத்துப் பதினைந்து ஆண்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டு வளவில் கதிரை போட்டிருந்து, தங்கள் காரைப் பற்றிப் புழுகுவதும் மற்றவரின் காருக்கு நொட்டை சொல்வதும்தான் வேலை.

வருடத்தில் ஒரு நாள் அந்தச் சங்கம் வல்லை வெளியில் ஓட்டப் போட்டி வைக்கும். அங்கே ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, உலக யுத்த காலத்தில் யாரோ கல்லுப் போட்டு இறுக்கிவிட்டுப் போன நீட்டு நிலம் ஒன்று கிடந்தது. அரை மைல் வரும். இரண்டு அந்தத்திலும் வெறும் தார்ப் பீப்பாய்களை வளைவாக அடுக்கி வைப்பார்கள். ஒரு பக்கம் போய், பீப்பாய்களைச் சுற்றி வளைத்து, மற்றப் பக்கம் வந்து, திரும்பவும் வளைத்து, இப்படி நாலு சுற்று. ஒரு நேரத்தில் ஒரு கார். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்குக் கிண்ணம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில்தான் நிலம் காய்ந்து கிடக்கும் என்பதால் போட்டியும் அந்தக் காலத்தில்தான். வல்லை வெளிச் சோளகத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிளை உழக்கிக்கொண்டு போகிறவன் இறங்கி உருட்டுவான்.

கலியாணம் முடித்து வந்த வருடமே அத்தான் முடிவு செய்துவிட்டார், என் கார் போட்டியில் ஓடுகிறது என்று. ஓடப்போவது இவர் என்றும் அவரே முடிவு செய்தார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. சரி, ஓடட்டும், இவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது என்று நானும் பேசாமல் இருந்தேன். பின்னேரங்களில் நானும் இவருமாக வல்லை வெளிக்குப் போவோம். பீப்பாய்களுக்குப் பதிலாகக் கல்லு அடுக்கி, அதே வளைவைப் போட்டு, இவருக்குப் பழக்கினேன். வேக முள்ளு முப்பத்தைந்தில் நிற்க வளைவுக்குள் போனால் கார் அழகாக வளைந்து வெளியே வரும். அதற்கு மேலே போனால் பின்சில்லு, அதாவது பின்சக்கரம், வழுக்கும். இவர் அந்த முப்பத்தைந்தைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிக்கொண்டார். முப்பத்தைந்து, திருப்பு. முப்பத்தைந்து, திருப்பு. இதுவரைக்கும் ஒரு பிழையுமில்லை.

அதற்குப் பிறகுதான் அத்தானுக்குச் சில்லு ஞானம் பிறந்தது. என்னுடைய காருக்குப் பதின்மூன்று அங்குலச் சில்லு. சின்னச் சில்லு, பார்க்க எடுப்பில்லை என்பது அவருடைய முதல் குறை. இரண்டாவது குறைதான் பெரியது. சைக்கிள் விற்றவர் அல்லவா? யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு அங்குலச் சைக்கிள் வைத்திருந்தவன்தான் ஆம்பிளை. இருபத்திரண்டில் போனவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு உழக்குக்குப் பெரிய சில்லு கூடத் தூரம் போகும் என்று அவர் கடையில் வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித்தான் பெரிய சைக்கிளை விற்றவர். அதே கணக்கைக் கொண்டுவந்து என் காரில் பூட்டினார். கொடிகாமத்தில் யாரோ ஒரு பழைய பெரிய காரை உடைத்து விற்றார்கள் என்று கேள்விப்பட்டு, பதினைந்து அங்குலச் சில்லு நாலு, ரயரோடு வாங்கி வந்தார். நட்டுத் துளைகள் பொருந்தின. பொருந்தியதும் அவருக்கு ஒரே புழுகம், ஆள் நிலத்தில் நிற்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது நாலும் கார் விடுகிற கராச்சில் சாத்திக் கிடந்தன. அவர் போன பிறகு நான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். பழைய சில்லின் ரயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, காரைத் தள்ளி ஒரு சுற்று உருள விட்டு, சீமெந்து நிலத்தில் பட்ட இரண்டு கோட்டுக்கும் இடையில் தையல் அளவு நாடாவால் அளந்தேன். எழுபத்தொரு அங்குலம். புதுச் சில்லைத் தனியே நிறுத்தி உருட்டி அளந்தேன். எண்பத்தொன்று. ஏழுக்கு எட்டு. இதில் என்ன மந்திரம் இருக்கிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும்.

அடுத்த நாள் அத்தானிடம் மரியாதையாகத்தான் தொடங்கினேன். சில்லு பெரிதானால் ஒரு சுற்றுக்குத் தூரம் கூடும், ஓம், ஆனால் அந்தச் சுற்றைச் சுற்ற எஞ்சின் கூடப் பாடுபட வேண்டும். நீட்டுக்கு ஓடுகிற ரோட்டில் என்றால் சரி. இங்கே அரை மைலுக்கு ஒரு தரம் வேகத்தைக் குறைத்து, வளைத்து, திரும்ப இழுக்க வேண்டும்; அதிலும் ஒரு பக்கம் முழுக்கச் சோளகத்துக்கு எதிர். நம்முடைய ஊரில் மலை ஏது, காற்றுத்தான் மலை. இந்தச் சின்ன எஞ்சினுக்குச் சின்னச் சில்லுத்தான் வசதி. வேண்டுமென்றால் அதே பதின்மூன்றில் ஒரு படி அகலமான ரயர் போடலாம், வளைவில் பிடிக்கும் என்றேன். அவர் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். சோளகத்துக்கு எதிராக இருபத்தெட்டுச் சைக்கிளை எப்போதாவது உழக்கிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எப்படி உழக்கியிருப்பார்? சைக்கிள் விற்றவரே தவிர, கடைக்குப் போவது வருவது காரில்.

"பிள்ளை, உம்மடை கணக்கு கரும்பலகைக்குச் சரி," என்றார். "சில்லு எண்டால் அதை என்னட்டை விடும்."

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை, ஏனென்றால் அது கிண்ணத்தைப் பற்றியது அல்ல, இவருடைய உயிரைப் பற்றியது. காரின் வேக முள்ளுக்குச் சில்லின் அளவு தெரியாது. சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். பெரிய சில்லைப் பூட்டினால் முள்ளுக் குறைத்துக் காட்டும். முள்ளு முப்பத்தைந்தில் நின்றால் கார் போவது நாற்பதில். அந்த ஐந்து மைல் சின்னதில்லை. வளைவில் காரை வெளியே தள்ளுகிற தள்ளு அதனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும். முப்பத்தைந்துக்கே வழுக்கத் தொடங்குகிற நிலம் அது. இவரோ முள்ளைப் பார்த்து ஓடப் பழகினவர், நிலத்தைப் பார்த்து அல்ல. இதை நான் அத்தானுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சங்கத்தில் காட்டுவதாகச் சொன்னார். காட்டியும் இருக்கிறார். "தம்பி பெண்சாதி முள்ளுப் பொய் சொல்லுது எண்டு சொல்லுறா" என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்க, நான் பள்ளிக்கூடத்தால் வருகிறேன், படலையில் நிற்கும்போதே டங்கு டங்கு என்று சத்தம். பெரிய சில்லைப் பூட்டியதும் அது மேலே மூடியிருக்கிற மட்காட்டுத் தகரத்தில் உரஞ்சியிருக்கிறது. சரி, சில்லுப் பொருந்தவில்லை என்று கழற்றுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கடையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, சுத்தியலால் என் காரின் மட்காட் ஓரத்தை அடித்து வளைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாங்கித் தந்த காரை. வண்ணம் செதில் செதிலாக நிலத்தில் கிடந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரைக் கேட்டு அடிக்கிறீர்கள் என்று கத்தினேன். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை, இவரைத்தான் பார்த்தார். இவர் நிலத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமி வந்து, ஆம்பிளைகளின் வேலையில் வாய்காட்ட வேண்டாம் என்று என் கையைப் பிடித்து அடுப்படிக்கு, குசினிக்குள், கூட்டிப் போனா. அன்றைக்கு நான் குசினிக்குள் போனதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அன்று முழுக்க இவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் கதைத்தேன். முள்ளு முப்பதில் நிற்கத் திருப்புங்கள், அப்போதுதான் உண்மையில் முப்பத்தைந்துக்குக் கிட்ட வரும், வேறொன்றும் உங்களைக் கேட்கவில்லை என்றேன். ஓம் என்றார். சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார்.

போட்டி நாள் காலமை. காரின் திறப்பு என் கையில் இருந்தது. கொடுக்காமல் விட்டிருக்கலாம். திறப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தால், அன்றைக்கு எல்லாரும் என்னைத் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதானே? ஆனால் மாமி கற்பூரத் தட்டோடு முற்றத்தில் நிற்கிறா, நாலு சில்லின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, அக்கம்பக்கம் முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது, இவர் வெள்ளைச் சட்டையோடு வந்து கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். அத்தான் பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தார். இவர், "போட்டு வாறன்" என்றார்.

எங்கள் ஊரில் ஒருவர் வெளிக்கிடும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்பதே பிழை. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அத்தானை அருகில் வைத்துக்கொண்டு இவர் எதை ஞாபகம் வைத்திருப்பார் என்ற பயம் எனக்கு. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, முள்ளு முப்பத்தைஞ்சிலை நிக்கத் திருப்பினால் கார் உருளும். முப்பதிலை திருப்புங்கோ."

மாமியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கற்பூரம் அந்த நேரம் பார்த்துக் காற்றில் அணைந்தது. சோளகத்தில் கற்பூரம் அணையாமல் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் நானும் பின்னாலே போனேன். இவருடைய முறை மூன்றாவதாக வந்தது. அத்தான் கோட்டருகில் நின்றுகொள்ள, இவர் தனியே ஓடினார். முதல் பாதி சோளகத்துக்கு எதிர். நான் சொன்னதுதான் நடந்தது: எஞ்சின் முக்கி முனகியது, கார் நகர மாட்டேன் என்றது. மேற்கு வளைவுக்குப் போகும்போது வேகமே இல்லாததால் சுகமாகத் திரும்பிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு காற்றுப் பின்னால் நின்று தள்ள, கார் இந்தப் பக்கமாக வந்தது. வருகிற வரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழும்பி நின்று கையைக் காட்டினேன். வளைவுக்குள் போன கார் இடப்பக்கம் சரிந்தது, சரிந்ததும் சில்லு மட்காட்டில் ஏறியது. சுத்தியலால் அடித்த ஓரம் கத்தி மாதிரித்தானே இருக்கும்? ரயர் கிழிந்து வெடித்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றிப் பீப்பாய்களுக்குள் போய்ச் சரிந்து விழுந்தது. இவர் வெளியே எறியப்பட்டுக் கிடந்தார். நான் செருப்பில்லாமல் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள்.

உயிர் தப்பியது. வலது முழங்கை நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பார்த்து இவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "முள்ளு முப்பத்தைஞ்சிலைதான் நிண்டது." நான் அழுதேன். சத்தியத்தை ஏன் மறந்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்: தொடங்குகிற கோட்டில் அத்தான் குனிந்து, அவள் சொன்னதை விடு, பழகினது முப்பத்தைந்து, முப்பத்தைந்திலேயே திருப்பு என்று சொன்னாராம். தமையன் சொல்லிவிட்டார், இவர் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஆஸ்பத்திரி விறாந்தையில் பார்க்க வந்த சனம் எல்லாம் என்னைத் தாண்டிப் போய் மாமியிடம் கதைத்தது. வெளிக்கிடுகிற நேரம் வாயாலே "கார் உருளும்" என்று சொன்னாளாமே, கற்பூரமும் அணைந்ததாமே. நான் சொன்னதில் முன்னுக்கிருந்ததும் பின்னுக்கிருந்ததும் எங்கே போயிற்று? முப்பத்தைந்து எங்கே, முப்பது எங்கே? இரண்டு வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். அத்தான் அங்கேதான் நின்றார். அவருடைய சட்டைப்பையில் நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ ஒரு பெரியவர், "என்ன தம்பி, இப்பிடி ஆச்சு?" என்று கேட்க, "எல்லாம் நாவூறு" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். என் காதால் கேட்டேன். பிழை விட்டதை மன்னித்துவிடலாம். அதை என் நாக்கின் மேலே ஏற்றிவிட்டதை எப்படி மன்னிப்பது?

கையைக் கட்டி அவிழ்த்து, எண்ணெய் போட்டு, எல்லாம் செய்தும் முழங்கை நேராகவில்லை. சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகலாம், சட்டைக்குத் தெறி பூட்டலாம், அவ்வளவுதான். காரை நான் கரவெட்டிக்கு இழுப்பித்துக்கொண்டு போய், என் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு தகர வேலைக்காரரிடம் கொடுத்து மட்காட்டைத் திருத்தினேன். கழற்றி மூலையில் போட்டிருந்த பதின்மூன்று அங்குலச் சில்லுகளை எடுத்துத் துருப்பிடித்த கறளைச் சுரண்டினேன். ரயர் மட்டும் ஒரு படி அகலம், நான் முதலில் சொன்னபடி. அதற்கு மேலே அகலம் போடச் சொல்லி ரயர்க் கடைக்காரர் ஆசை காட்டினார்; ஒடுங்கின சில்லில் அகலமான ரயரைப் போட்டால் அது பிதுங்கிக்கொண்டு வளைவில் ஆடும் என்று மறுத்துவிட்டேன். திரும்பச் சோக்கட்டி, திரும்ப அளவு நாடா. எழுபத்துமூன்று அங்குலம். முள்ளு இப்போது எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து, கொப்பி திருத்துகிற சிவப்பு மையால் ஒரு தாள் துண்டில் கோடு போட்டு, வேக முள்ளின் கண்ணாடியில் ஒட்டினேன்.

அடுத்த வருடம் சங்கத்துக்கு விண்ணப்பம் போனது. ஓடுபவர் என்ற இடத்தில் நான் என்னைத்தான் எழுதினேன். பெண்கள் ஓடச் சட்டத்தில் இடமில்லை என்று செயலாளர், வேறு யார், அத்தான்தான், பதில் அனுப்பினார். ஓடக்கூடாது என்று சட்டம் எங்கே இருக்கிறது, அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் என்று நான் எழுதினேன். அப்படி ஒரு பக்கம் இருக்கவில்லை. ஓடினேன். வெளிக்கிடும்போது ஒருவரும் எனக்குக் கற்பூரம் கொளுத்தவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. காற்றுக்கு எதிராகக் கார் முக்கவில்லை. எட்டு வளைவையும் சிவப்புக் கோட்டில் வைத்துத் திருப்பினேன். இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்த காரின் எஞ்சின் என்னுடையதை விட இரண்டு மடங்கு.

மேடையில் முடிவு வாசித்தார்கள். இரண்டாம் இடம் என்று சொல்லி, திரு. போட்டு, இவருடைய பெயரை வாசித்தார்கள். சனம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த இவர் எழும்பினார். நான் இவரை ஒரு நாளும் நாலு பேர் முன்னால் எழும்பிக் கதைத்துப் பார்த்ததில்லை.

"நான் இதிலை இருந்து கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்," என்றார். "ஓடினது இவ. காரும் இவவின்ரை."

சொல்லிவிட்டு, நேராகாத கையால் கச்சான் கடலைச் சரையைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார். சனம் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் எனக்கு இவர் வாங்கித் தந்த எல்லாவற்றையும் விட எனக்கு அது பெரிது.

ஆனால் கரிநாக்கு போகவில்லை. நான் ஓடி இரண்டாவதாக வந்ததை ஒரு மாதத்தில் மறந்தார்கள். நான் சொன்ன அரை வசனத்தை இருபது வருடமானாலும் மறக்க மாட்டோம் என்று நின்றார்கள். கொழும்புக்கு ரெயில் ஏறப் போகிறவர்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்புகிற தாய்மார், அந்தப் பிள்ளைகளுக்கு நானே கணிதம் படிப்பித்திருந்தாலும், போகிற அன்றைக்கு என் கண்ணில் காட்ட மாட்டார்கள். என் சொந்தப் பெறாமகள், அத்தானுடைய மூத்தவள், கலியாணத்துக்கு வெளிக்கிட்டபோது என்னை ஒரு சாட்டுச் சொல்லிக் குசினிக்கு அனுப்பினார்கள். குசினிக்குள் நின்று மேளச் சத்தத்தைக் கேட்டேன். மாமி அதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தா.

எழுபதுகளின் கடைசியில், வெளியிலிருந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகு, அத்தான் ஒரு புதுக் கார் வாங்கினார். போட்டிகள் எப்போதோ நின்றுபோயின. என் காரும் கரவெட்டியில் சும்மா நின்றது. ஆனால் புதுக் கார் அல்லவா, அதற்கு எடுப்பான பெரிய ரயர் போட வேண்டும் என்று அவருடைய மகன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். ஒரு பின்னேரம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, இரண்டு சைஸ் சொல்லுகிறார்கள், எது சரி என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக் கேட்டார்.

"அத்தான், நாவூறு பாத்துச் சொல்லட்டோ, கணக்குப் பாத்துச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "கணக்கு" என்றார்.

அப்படியென்றால் அதைப் போய் மாமியிடம் சொல்லிவிட்டு வாருங்கள், அளவு நாடாவை அதற்குப் பிறகுதான் எடுப்பேன் என்றேன். இவர் பக்கத்தில் இருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மாமிக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. காது நல்ல மந்தம். அத்தான் அறைக்குள் போய்க் கட்டிலருகில் குனிந்து மெல்லச் சொன்னார். மாமி என்ன என்றா. கொஞ்சம் உரத்துச் சொன்னார். மாமி என்ன என்றா. மூன்றாம் தரம் அவர் தொண்டை கிழியக் கத்த வேண்டி வந்தது.

"அம்மா, தம்பியின்ரை கார் பிரண்டது நான் பூட்டின சில்லாலை. இவவின்ரை நாக்காலை இல்லை."

பக்கத்து வளவுக் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். ஒழுங்கையில் போன ஒருத்தி படலையருகில் நின்று உள்ளே பார்த்தா. எனக்கு நெஞ்சு நிறைந்தது என்று சொல்லத்தான் ஆசை. அதற்குள் மாமி, காது கேட்காதவர்கள் கதைப்பது போல, அவரை விட உரத்துப் பதில் சொன்னா.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ மூத்தவன். உன்னிலை பிழை எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

 அளவு நாடாவையும் சோக்கட்டியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அத்தான் பின்னாலே வந்தார். அவருடைய வெள்ளை வேட்டியோடு அவரை மண்ணில் முழங்காலில் இருத்தி, நாடாவின் மற்ற நுனியைக் கையில் கொடுத்து, "நேரே பிடியுங்கோ" என்றேன்.